வீட்டில் அடிக்கடி வரும் கேள்விகள், பினாங்கிலிருந்து பதில்கள்

நான் இருப்பது மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், நிலப்பகுதிப் பக்கம் இருக்கிற பிறை என்ற ஊரில், ஒரு அடுக்குமாடி வீட்டில். வேலை பினாங்குத் தீவில் இருக்கிற பாயான் லெப்பாசில், தொழிற்சாலை இயந்திரங்களைப் பழுது பார்ப்பது. தினமும் மோட்டார் சைக்கிளில் பாலத்தைத் தாண்டிப் போய் வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா பிள்ளைகளும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் எங்கள் வீட்டில்தான் பசியாறுவார்கள், தோசை வேகிற வரைக்கும் கேள்வி மேல் கேள்வி. சில சமயம் பெரியவர்களும் சேர்ந்துகொள்வார்கள். "அது அப்படித்தான், பேசாமல் சாப்பிடு" என்று ஒரு பிள்ளையின் வாயை அடைப்பது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது, தெரியாவிட்டால் தேடிப் பார்த்து அடுத்த வாரமாவது சொல்லிவிடுவேன். அப்படித் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். நிறைய விஷயங்களை வீட்டில் இருக்கிற பொருளை வைத்தே நீங்களும் சோதித்துப் பார்க்கலாம்.

காலை 7 மணி ஆகியும் இங்கே ஏன் இருட்டாக இருக்கிறது? சென்னையில் 6 மணிக்கெல்லாம் விடிந்துவிடுகிறதாமே?

பள்ளி வேனுக்காக இருட்டில் நிற்கிற எல்லாப் பிள்ளைகளும் கேட்கிற கேள்வி. சூரியன் சரியாகத்தான் வருகிறது, நம் கடிகாரம்தான் முந்திக்கொண்டு ஓடுகிறது.

பூமி 360 பாகை சுற்ற 24 மணி நேரம் எடுக்கிறது, அப்படியென்றால் ஒரு பாகைக்கு 4 நிமிடம். மலேசிய நேரம் என்பது 120 பாகை கிழக்குத் தீர்க்கரேகைக்குப் பொருத்தமான நேரம். அந்தக் கோடு எங்கே போகிறது என்று வரைபடத்தில் பார்த்தால், சபாவின் கிழக்கு முனையையும் தாண்டிப் போகிறது. பினாங்கு இருப்பதோ ஏறக்குறைய 100 பாகையில். 20 பாகை வித்தியாசம், 4ஆல் பெருக்கினால் 80 நிமிடம். அதனால்தான் உச்சிவெயில் நமக்கு 12 மணிக்கு வராமல் 1.20 வாக்கில் வருகிறது, சூரியன் உதிப்பதும் வருஷம் முழுக்க 7 மணிக்கும் 7.35க்கும் நடுவில்தான். சென்னை 80 பாகையில் இருக்கிறது, இந்திய நேரத்தை 82.5 பாகைக்கு வைத்திருக்கிறார்கள், 10 நிமிட வித்தியாசம்கூட வராது. கோத்தா கினபாலுவில் இருக்கிற பிள்ளைகளுக்கும் இதே கடிகாரம்தான், ஆனால் அவர்கள் பள்ளிக்குக் கிளம்பும்போது நல்ல வெளிச்சமாக இருக்கும்.

முன்பு இப்படி இல்லை. 1905ல் இங்கே வைத்த நேரம் கிரீன்விச்சுக்கு 7 மணி நேரம் முன்னால் இருந்தது, 1933ல் இன்னும் 20 நிமிடம் கூட்டினார்கள், 1941ல் அது ஏழரை மணி நேரம் ஆனது. அப்புறம் ஜப்பான்காரர்கள் வந்து தோக்கியோ நேரத்தையே இங்கேயும் வைத்துவிட்டார்கள், 9 மணி நேரம் முன்னால். அந்த மூன்றரை வருஷமும் பினாங்கில் பொழுது விடிந்தபோது கடிகாரத்தில் 8 தாண்டியிருக்கும். 1945ல் பழையபடி ஏழரைக்குத் திரும்பியது. கடைசி மாற்றம் 1981 டிசம்பர் 31 இரவு, சபா சரவாக்கோடு ஒரே நேரமாக இருக்க வேண்டும் என்று 11.30 மணியை 12 ஆக்கிவிட்டார்கள். புது வருஷம் அரை மணி நேரம் முன்னாலேயே வந்தது.

அம்மா அப்போது கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தார். "அரை மணி நேரத்தைத் தூக்கிக்கிட்டுப் போயிட்டாங்க" என்றுதான் இன்றைக்கும் சொல்வார். அவர் சொல்வது நிஜமான வருத்தம். கடிகாரத்தில் பெரட்டு மணி (ஆள் கணக்கெடுத்து வேலைக்கு அனுப்பும் நேரம்) அதேதான், ஆனால் வானத்தில் இருட்டு அரை மணி நேரம் கூடிவிட்டது, கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு ஓடுகிறவர்களுக்கு அந்த அரை மணி நேரத் தூக்கம் பெரிய விஷயம்.

நம் நிழல் காணாமல் போகும் நாள் ஒன்று உண்டு என்கிறார்களே, உண்மையா?

உண்மை, வருஷத்தில் இரண்டு தடவை. பினாங்கு நிலநடுக்கோட்டுக்கு 5.4 பாகை வடக்கே இருக்கிறது. ஏப்ரல் 3, 4 வாக்கிலும் செப்டம்பர் 8, 9 வாக்கிலும் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வரும். கோலாலம்பூரில் மார்ச் கடைசியிலும் செப்டம்பர் நடுவிலும். ஆனால் 12 மணிக்கு வெளியே போய் நின்று ஏமாந்துவிடாதீர்கள், மேலே சொன்ன கணக்குப்படி பினாங்கில் அது 1.20ஐ ஒட்டித்தான் நடக்கும்.

போன ஏப்ரலில் கார் நிறுத்துமிடத்தில் ஒரு மைலோ டின்னை நிறுத்தி வைத்துப் பார்த்தோம். ஒரு மணிக்கு டின்னின் மேற்குப் பக்கம் கட்டைவிரல் அகலத்துக்கு நிழல் இருந்தது, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இழுத்துக்கொண்டே வந்து கடைசியில் டின்னுக்கு அடியிலேயே போய்விட்டது, இரண்டு நிமிடம் ஒருத்தரும் பேசவில்லை. பிறகு மற்றப் பக்கம் மெல்ல எட்டிப் பார்த்தது. இன்னொன்றும் கவனியுங்கள், ஜூன் மாதத்து நடுப்பகலில் நம் நிழல் தெற்கே விழும், டிசம்பரில் வடக்கே விழும். வீட்டு வாசல் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்பதைப் பொறுத்து எந்த மாதம் ஜன்னல் வழியாக வெயில் வரும் என்று இதை வைத்தே சொல்லிவிடலாம்.

பால் மரத்தை ஏன் விடிவதற்கு முன்னாலேயே போய் வெட்டினார்கள்? வெயில் வந்த பிறகு நிதானமாக வெட்டக்கூடாதா?

வெட்டலாம், பால் குறைவாக வரும். மரப்பட்டைக்குள் பால் ஓடுகிற மெல்லிய குழாய்கள் இருக்கின்றன. ராத்திரி முழுக்க வேர் தண்ணீரை இழுத்து மேலே அனுப்பும், இலைகளோ அதிகமாக ஆவியாக விடாது, அதனால் விடியற்காலையில் அந்தக் குழாய்களெல்லாம் விறைத்துப்போய் இருக்கும், நாம் மோட்டார் டயரில் அடிக்கிற காற்றழுத்தத்தைப்போலப் பல மடங்கு அழுத்தம். அந்த நேரம் பார்த்து ஒரு கீறல் போட்டால் பால் தானாகப் பீறிட்டு வடியும். வெயில் ஏறினால் இலை வழியாகத் தண்ணீர் போய்விடும், அழுத்தம் இறங்கிவிடும், பாலும் சீக்கிரம் நின்றுவிடும். அதனால் வேலை வாங்குகிற கங்காணியும் தண்டலும் விரட்டியதற்குப் பின்னால் மரத்தின் கணக்கு ஒன்று இருந்தது.

வெட்டு ஏன் சாய்வாக, இடது மேலிருந்து வலது கீழாகப் போகிறது என்றும் ஒரு பையன் கேட்டான். அம்மா அடுப்படியிலிருந்து தோசைக் கரண்டியோடு வந்து என் முன்கையிலேயே கோடு இழுத்துக் காட்டினார். இடது தோள் பக்கம் உயரம், வலது பக்கம் தாழ்வு, கத்தி பட்டையைச் சீவும் ஆனால் உள்ளே இருக்கிற பச்சைத் தோலைத் தொடக்கூடாது, தொட்டால் அந்த இடம் புண்ணாகி மரம் கெட்டுப்போகும். பட்டைக்குள் பால் குழாய்கள் நேராக மேலே போவதில்லை, கீழே இடப்பக்கத்திலிருந்து மேலே வலப்பக்கமாக லேசாகச் சாய்ந்து போகின்றன. எதிர்ச்சாய்வில் வெட்டினால் ஒரே கீறலில் கூடுதலான குழாய்கள் அறுபடும். பள்ளிக்கே போகாத ஒருவர் கையில் இவ்வளவு நுணுக்கம் இருந்திருக்கிறது. காரணத்தை நான் படித்துச் சொன்னபோது அம்மா சொன்னார், "கை அப்படித்தான் போகும், மாத்திப் போட்டா மங்கு ரொம்பாது." மங்கு என்பது பால் பிடிக்கிற கிண்ணம்.

மழை பெய்தால் பட்டையில் வழிகிற தண்ணீர் பாலை மங்குக்கு வெளியே அடித்துக்கொண்டு போய்விடும், வெட்டு கிடையாது. அந்தக் காலத்தில் நாள்கூலி என்பதால் அன்றைக்குச் சம்பளமும் கிடையாது. காலை 4 மணிக்குக் கூரையில் சொட்டுச் சத்தம் கேட்டால் பிள்ளைகளுக்குச் சந்தோஷம், பெரியவர்களுக்கு வயிற்றில் நெருப்பு. 1972ல் பாயான் லெப்பாசில் தொழிற்பேட்டை தொடங்கிய பிறகு எத்தனையோ தோட்டத்துப் பிள்ளைகள் அங்கே வேலைக்குப் போனார்கள், மழை பெய்தாலும் வெயில் அடித்தாலும் மாதச் சம்பளம். நானும் அந்த வழியில் வந்தவன்தான்.

அம்மா காலத்தில் டிவி இல்லாமல் பொழுது எப்படிப் போனது?

மலேசியாவில் தொலைக்காட்சி தொடங்கியது 1963 டிசம்பர் 28, வண்ணம் வந்தது 1978ல். ஆனால் லயத்து வீடுகளுக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, வந்து சேர இன்னும் நாள் ஆனது. ரேடியோ இருந்தது, திடலில் எப்போதாவது திரை கட்டிப் படம் போடுவார்கள், பத்திரிகை இருந்தது. தோட்டத்துக்கு வருகிற ஒரு தமிழ் நேசனைக் கடை வாசலில் ஒருவர் சத்தமாகப் படிக்க, பத்துப் பேர் கேட்பார்களாம். 1924ல் தொடங்கிய அந்தப் பத்திரிகை 2019ல் நின்றுபோனது. அன்றைக்கு அம்மா ரொம்ப நேரம் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

கெட்டுப்போய்விட்டதா என்ன, கேமரன் மலையில் தேங்காய் எண்ணெய் ஏன் கட்டியாகிவிட்டது?

கெட்டுப்போகவில்லை, பயப்பட வேண்டாம். தேங்காய் எண்ணெய் 24, 25 பாகை செல்சியசில் உருகும். பினாங்கில் நடு ராத்திரியில்கூட அதற்குக் கீழே அநேகமாக இறங்காது, அதனால் நாம் அதைத் தண்ணீராகவே பார்த்துப் பழகிவிட்டோம். தானா ராத்தா 1,400 மீட்டருக்கு மேலே இருக்கிறது, அங்கே ராத்திரியில் 15, 16 பாகை சர்வ சாதாரணம். பையில் இருந்த எண்ணெய் வெள்ளையாக உறைந்துவிடும். திரும்பி மலை இறங்கி தாப்பா வருவதற்குள் பழையபடி ஆகிவிடும். ஏர்கோன் அறையில் ஒரு பாட்டிலை ஒரு ராத்திரி வைத்தாலே பார்த்துவிடலாம்.

அதே பயணத்தில் பிள்ளைகள் கவனித்த இன்னொன்று, மேலே போகப் போகச் சிப்ஸ் பாக்கெட் பலூன் மாதிரி உப்பியது. பாக்கெட்டுக்குள் அடைத்தது கீழ்நாட்டுக் காற்று, மலை மேலே வெளிக்காற்றின் அழுத்தம் குறைவு, உள்ளே இருப்பது விரிந்துகொள்கிறது. காது அடைப்பதும் இதே காரணம்தான், காதுக்குள் மாட்டிக்கொண்ட காற்று வெளியே வர வழி தேடுகிறது. எச்சிலை விழுங்கினால் மூக்குக்குப் பின்னால் போகிற சிறு குழாய் திறந்து சரியாகிவிடும், ஒரு புளிப்பு மிட்டாய் போதும்.

தோசை மாவு ராத்திரியில் எப்படிப் பொங்குகிறது?

உளுந்திலும் அரிசியிலும் ஏற்கெனவே ஒட்டிக்கொண்டிருக்கிற நுண்ணுயிர்கள் மாவில் இருக்கிற சர்க்கரையைத் தின்று வாயுவையும் புளிப்பையும் உண்டாக்குகின்றன. உளுந்தின் வழவழப்பு அந்த வாயுவைக் குமிழ் குமிழாகப் பிடித்து வைத்துக்கொள்கிறது. வெப்பம் இருந்தால் அவை வேகமாக வேலை செய்யும், நம் ஊரில் எட்டு மணி நேரத்தில் பாத்திரம் வழியும். ஏர்கோன் அறையில் வைத்தால் மறுநாள் மத்தியானம்தான். உளுந்தைக் குறைத்து அரைத்தால் புளிக்கும், பொங்காது.

தே தாரிக்கை ஏன் அவ்வளவு உயரத்திலிருந்து இழுக்கிறார்கள்? பார்வைக்குத்தானா?

பார்க்க அழகுதான், ஆனால் மூன்று வேலை ஒரே நேரத்தில் நடக்கிறது. அடியில் கிடக்கிற கெட்டிப்பால் தேநீரைவிடக் கனமானது, கரண்டியால் கலக்கினால்கூட அடியில் தங்கும், இழுத்து ஊற்றும்போது முழுவதும் கலந்துவிடும். நீளமான மெல்லிய தாரையாக விழும்போது தேநீரின் எல்லாப் பக்கமும் காற்று படுகிறது, கொஞ்சம் ஆவியாகிப் போகிறது, ஆவியாகிறது என்றாலே சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது என்று அர்த்தம். கொதிக்கிற தேநீர் வாயில் வைக்கிற சூட்டுக்கு வந்துவிடும். மூன்றாவது நுரை. பாலில் இருக்கிற புரதம் காற்றுக்குமிழைச் சுற்றித் தோல் மாதிரி பிடித்துக்கொள்ளும், அதனால் அந்த நுரை சீக்கிரம் அடங்காது. பால் போடாத தே ஓவை அதே உயரத்திலிருந்து இழுத்துப் பாருங்கள், குமிழ் வந்த வேகத்தில் உடைந்துவிடும்.

ஆள் இல்லாத அறையில் காத்தாடியைப் போட்டு வைத்தால் அறை குளிர்ந்திருக்குமா?

குளிராது, உண்மையில் ஒரு பொட்டு சூடாகும். காத்தாடி காற்றைக் குளிர்விப்பதில்லை, நம் தோலில் இருக்கிற வேர்வையை வேகமாக ஆவியாக்குகிறது, குளிர்ச்சி நமக்குத்தான், அறைக்கு இல்லை. காத்தாடியின் மோட்டார் 60, 70 வாட் மின்சாரம் தின்கிறது, அத்தனையும் கடைசியில் அந்த அறையிலேயே சூடாக முடிகிறது. வெளியே போகும்போது அணைத்துவிடுங்கள்.

குளிர்பெட்டிக் கதவைத் திறந்து வைத்தால் சமையலறை குளிருமா என்பதும் இதே புதிர்தான். முன்னால் குளிர்க்காற்று வரும், பின்னால் கையை வைத்துப் பாருங்கள், சூடாக இருக்கும். உள்ளேயிருந்து எடுத்த சூட்டையும், கூடவே தன் மோட்டார் சூட்டையும் அது பின்பக்கமாக அதே சமையலறைக்குள்தான் கொட்டுகிறது. மொத்தக் கணக்கில் சமையலறை சூடாகும், பில்லும் ஏறும். ஏர்கோன் குளிர வைப்பதற்குக் காரணம் அதன் சூடான பாதி சுவருக்கு வெளியே தொங்குவதுதான்.

பிளக்கில் மூன்றாவது கால் ஏன் நீளமாக இருக்கிறது?

இது என் வேலை சம்பந்தப்பட்டது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், தயவு செய்து படியுங்கள். நம் நாட்டு மூன்று கால் பிளக் பிரிட்டனிலிருந்து வந்த வடிவம். சுவரில் இருக்கிற சாக்கெட்டை ஒரு நாள் உற்றுப் பாருங்கள், கீழே இருக்கிற இரண்டு துளைகளும் உள்ளே ஒரு சிறு பிளாஸ்டிக் கதவால் மூடியிருக்கும். மின்சாரம் இருப்பது அந்த இரண்டுக்குப் பின்னால்தான். மேலே இருக்கிற நீளமான கால் முதலில் உள்ளே போய் அந்தக் கதவைத் திறக்கிறது, அப்புறம்தான் மற்ற இரண்டும் நுழைய முடியும். தவழ்கிற குழந்தை ஊக்கையோ கம்பியையோ விட்டால் உள்ளே போகாமல் இருக்க இந்த ஏற்பாடு. அதோடு, நீளமாக இருப்பதால் எர்த் இணைப்பு எல்லாவற்றுக்கும் முன்னால் சேர்ந்து, கழற்றும்போது எல்லாவற்றுக்கும் கடைசியாக விலகும். ஒயர் எங்காவது தேய்ந்து இரும்புப் பெட்டியில் மின்சாரம் கசிந்தால் அது நம் உடம்பு வழியாகப் போகாமல் எர்த் வழியாகப் போய்விடும்.

இரண்டு கால் பிளக்கை மாட்டுவதற்காக மேல் துளையில் பேனாவையோ சாவியையோ விட்டுக் கதவைத் திறக்கிற பழக்கம் நம் வீடுகளில் நிறைய இருக்கிறது. அதைச் செய்யாதீர்கள். கதவைத் திறந்துவிட்டு அளவு பொருந்தாத காலை உள்ளே சொருகினால் தொடர்பு தளர்வாக இருக்கும், தளர்வான இடம் சூடாகும், பிளாஸ்டிக் கருகும். எங்கள் மாடியிலேயே அப்படி ஒரு சாக்கெட்டைக் கழற்றி எடுத்தேன், பின்பக்கம் முழுக்கக் கறுப்பாகி, கையில் எடுத்ததும் பொடிப்பொடியாக உதிர்ந்தது, அதற்கு ஒரு முழம் தள்ளித்தான் பிள்ளைகளின் மெத்தை கிடந்தது. சரியான மாற்றி பிளக் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், சில வெள்ளி (ரிங்கிட்) தான்.

அடையாள அட்டை எண்ணைப் பார்த்தே ஆணா பெண்ணா என்று சொல்கிறார்களே, எப்படி?

12 இலக்கம். முதல் ஆறு பிறந்த வருஷம், மாதம், தேதி. அடுத்த இரண்டு பிறந்த இடம்: பினாங்குக்கு 07, கெடாவுக்கு 02, பேராக்குக்கு 08, சிலாங்கூருக்கு 10, கோலாலம்பூருக்கு 14. கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். இவ்வளவு விவரம் ஒரு எண்ணுக்குள் இருப்பதால்தான் அதைக் கண்ட இடத்தில் எழுதிக் கொடுக்க வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்கிறேன்.

பில்லில் 12.32 வெள்ளி என்று இருக்கிறது, ஏன் 12.30 மட்டும் வாங்கினார்கள்?

ஒரு காசு நாணயம் புழக்கத்திலிருந்து போய்விட்டதால். 2008 ஏப்ரல் 1 முதல் மொத்தத் தொகையை ஐந்து காசுக்குச் சரிசெய்கிறார்கள். கடைசி இலக்கம் 1, 2 என்றால் கீழே இறக்குவார்கள், 3, 4 என்றால் 5 ஆக்குவார்கள், 6, 7 என்றால் 5க்கு இறங்கும், 8, 9 என்றால் பத்துக்கு ஏறும். ஒவ்வொரு பொருளுக்கும் இப்படிச் செய்வதில்லை, மொத்தத்துக்கு ஒரு தடவைதான், அதுவும் ரொக்கமாகக் கொடுத்தால் மட்டும்.

ஒருவர் படகில் இருந்துகொண்டு கல்லைக் குளத்தில் போட்டால் குளத்துத் தண்ணீர் ஏறுமா இறங்குமா?

முதலில் சின்னப் புதிர். கிளாஸ் நிறையத் தண்ணீர், மேலே ஐஸ் கட்டி மிதக்கிறது, உருகினால் வழியுமா? வழியாது. மிதக்கிற ஐஸ் தன் எடைக்குச் சமமான தண்ணீரைத்தான் தள்ளிவைத்திருக்கிறது, உருகினால் சரியாக அந்த இடத்தையே நிரப்பும். கிளாசுக்கு வெளியே வழிகிற ஈரம் உள்ளேயிருந்து வந்தது இல்லை, நம் ஊர்க் காற்றில் இருக்கிற நீராவி குளிர்ந்த கண்ணாடியில் பட்டுத் தண்ணீராவது.

இப்போது படகு. கல் படகில் இருக்கும்போது தன் எடைக்குச் சமமான தண்ணீரைத் தள்ளுகிறது, கல் கனமானது, அதனால் நிறையத் தண்ணீர். குளத்தடியில் கிடக்கும்போது தன் உருவத்தின் அளவுக்கு மட்டும்தான் தள்ளுகிறது, அது குறைவு. ஆக, தண்ணீர் இறங்கும். பிள்ளைகள் நம்பவில்லை, ஒரு பேசினில் தண்ணீர் விட்டு, சாப்பாட்டு டப்பாவைப் படகாக்கி, அம்மிக் குழவியை வைத்து, பேனாவால் கோடு போட்டுப் பார்த்தோம். தண்ணீர் கோட்டுக்குக் கீழே இறங்கியது. உடனே அதே பையன் கேட்டான், பெர்ரியில் கார் ஏறும்போது பெர்ரி எவ்வளவு அமிழும் என்று. அவனுக்கு அதைக் காட்ட வழியில்லை, 2021லிருந்து பட்டர்வொர்த் பெர்ரியில் கார் ஏறுவதில்லை, ஆட்களும் மோட்டாரும்தான். நான் சின்ன வயதில் அப்பாவோடு கடைசிக் கார் இறங்கும்வரை நின்று அந்த மஞ்சள் கோடு தண்ணீருக்கு மேலே எழும்புவதைப் பார்த்திருக்கிறேன்.

பாலத்தில் போகும்போது டக், டக் என்று ஏன் சத்தம் வருகிறது?

1985ல் திறந்த முதல் பாலம் 13.5 கிலோமீட்டர் நீளம். கான்கிரீட்டும் இரும்பும் வெயிலில் நீளும், ராத்திரியில் சுருங்கும். 100 மீட்டர் கான்கிரீட் 10 பாகை சூடானால் ஒரு சென்டிமீட்டர் நீளும். கேட்க அற்பமாக இருக்கும், ஆனால் நீள இடம் விடாமல் கட்டினால் பாலமே வெடித்துவிடும். அதனால் இடைவெளி விட்டு இணைத்திருக்கிறார்கள், டயர் அதைத் தாண்டும்போது வருவதுதான் அந்தச் சத்தம். மோட்டாரில் போகிற எனக்குக் காதைவிட முதுகுத்தண்டில்தான் அது தெரியும். 2019லிருந்து மோட்டாருக்கு டோல் இல்லை என்பது மாதக் கடைசியில் நிம்மதி.

கொடிமலை (பினாங்கு ஹில்) ரயில் ஒரே தண்டவாளத்தில் மேலேயும் கீழேயும் வருகிறதே, மோதிக்கொள்ளாதா?

மோதாது. கிணற்றில் ஒரே கயிற்றின் இரண்டு முனையிலும் வாளி கட்டினால் ஒன்று இறங்க ஒன்று ஏறும் இல்லையா, அப்படித்தான். இரண்டு பெட்டிகளும் ஒரே இரும்புக் கயிற்றில் கட்டியவை, அதனால் எப்போதும் சரியாக நடுவழியில்தான் சந்திக்கும், அந்த ஒரே இடத்தில் மட்டும் தண்டவாளம் இரண்டாகப் பிரிந்து சேர்கிறது. இறங்குகிற பெட்டியின் எடை ஏறுகிறதை இழுத்துவிடுவதால் மோட்டாருக்கு இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தூக்கினால் போதும். 1923ல் மக்களை ஏற்றத் தொடங்கிய ரயிலில் பாதி வழியில் இறங்கி வேறு பெட்டிக்கு மாறவேண்டும், மரப்பெட்டி, அரை மணி நேரம் ஆகும். 2011லிருந்து ஒரே ஓட்டமாகப் பத்து நிமிடத்துக்குள் மேலே. பழைய ரயிலில் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினால் மாறிக்கொண்டே வருகிற குளிர் விரலில் தெரியும், 100 மீட்டருக்கு அரைப் பாகைக்கு மேல் குறையும். அதை மட்டும் இந்தத் தலைமுறைக்குக் கொடுக்க முடியவில்லை என்று எனக்கு வருத்தம்.

மழை வருவதற்கு முன் மண்வாசனை எங்கிருந்து வருகிறது?

மண்ணில் வாழ்கிற ஒருவகை பாக்டீரியா உண்டாக்குகிற ஜியோஸ்மின் என்ற பொருள். மழைத்துளி காய்ந்த மண்ணில் விழும்போது அது காற்றில் தெறிக்கிறது. நம் மூக்கு அதற்கு அவ்வளவு கூர்மையானது, நம்ப முடியாத அளவுக்குக் கொஞ்சம் இருந்தாலும் கண்டுபிடித்துவிடும். மழை பெய்கிற இடத்திலிருந்து காற்று நம் பக்கம் அடித்தால் வாசனை முன்னால் வந்துவிடும்.

மின்னல் எவ்வளவு தூரத்தில் அடித்தது என்று எப்படிச் சொல்வது?

எண்ணினால் போதும். வெளிச்சம் அந்தக் கணமே வந்துவிடும், சத்தம் ஒரு கிலோமீட்டர் வர ஏறக்குறைய 3 வினாடி எடுக்கும். மின்னலைப் பார்த்ததும் "ஆயிரத்தொன்று, ஆயிரத்திரண்டு" என்று நிதானமாக எண்ணுங்கள், இடி கேட்டதும் நிறுத்தி 3ஆல் வகுத்தால் எத்தனை கிலோமீட்டர் என்று தெரிந்துவிடும். 30க்குள் வந்தாலே திடலை விட்டு உள்ளே போய்விட வேண்டும், மரத்தடியில் ஒதுங்கக்கூடாது, தனி மரம் இன்னும் மோசம்.

போன வாரம் மாலை நாங்கள் எல்லோரும் நடைபாதையில் நின்று எண்ணினோம். முதலில் 18, அடுத்தது 12, அப்புறம் 7. "கிட்ட வருது, கிட்ட வருது" என்று சின்னவள் கத்த, அம்மா கொடியிலிருந்த துணியை உருவ ஆரம்பித்துவிட்டார். 4 எண்ணுவதற்குள் கதவைச் சாத்தினோம்.